அழுது முடித்துவிட்டு உள்ளே வா

கேள்வி ஒன்றுதான். அதற்கு அறவாழி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"வியர்வையா, கண்ணீரா? எதைத் திறந்து வைக்கட்டும்?" என்று கேட்டார் டாக்டர் சுகிர்தா.

திருச்சி தில்லைநகரில் மூன்றாவது மாடியில் இருந்த மருத்துவமனை அது. மேசைக்கு இந்தப் பக்கம் அறவாழி உட்கார்ந்திருந்தார். ஆயுதப்படையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கவாத்துப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவர். நாற்காலியின் முதுகில் சாய்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. பக்கத்தில் அவருடைய ஒரே மகள் ஆதிரை. வயது இருபத்தாறு. பெண்கள் உடற்கட்டுப் போட்டியில் மாநில அளவில் இரண்டு முறை முதலிடம் பெற்றவள்.

"கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க டாக்டர்," என்றார் அறவாழி.

டாக்டர் ஆதிரையைப் பார்த்தார். "மேடை ஏறுற அன்னிக்கு உன் உடம்பு எப்படி இருக்கும்? தோலுக்கு அடியில தண்ணி இல்லாம, தசை ஒவ்வொண்ணும் வரிவரியா தெரியும் இல்லையா? அது எவ்வளவு நேரம் நிக்கும்?"

"அஞ்சு மணி நேரம்," என்றாள் ஆதிரை. "நடுவுல ஒரு தோசை சாப்பிட்டா மூணு."

"அந்த அஞ்சு மணி நேரத்தை ஆறு மாசத்துக்கு நிறுத்தி வைக்கறதுதான் இந்த ஊசி. இனிமே போட்டிக்கு முன்னாடி தண்ணி குடிக்காம கிடக்க வேண்டாம், மயங்கி விழ வேண்டாம். எப்ப கூப்பிட்டாலும் மேடைக்குத் தயார். ஆனா உடம்பு தண்ணியை வெளியே விடற வழிகளை நாங்க அடைக்கணும். வியர்வையும் கண்ணீரும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கட்டளைக்குச் சுரக்குது. ரெண்டையும் அடைச்சா உடம்பு நல்லா நிக்கும். ஆனா ரெண்டையும் அடைக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. ஒண்ணு திறந்திருக்கணும்."

"அடைச்சா என்ன ஆகும்?"

"வியர்வையை அடைச்சா சூடு தாங்காது. ஏசி, ஈரத்துணின்னு பொழுதுக்கும் கவனமா இருக்கணும். கண்ணீரை அடைச்சா கண்ணு ஒண்ணும் காயாது, அதுக்கு வேணுங்கற ஈரம் இருக்கும். அழுகை மட்டும் வராது."

"எல்லாரும் எதைக் கேக்கறாங்க?"

"ஆம்பளைங்க உடனே வியர்வை திறந்திருக்கட்டும்னு சொல்லிடறாங்க. பொம்பளைங்க, யோசிச்சுட்டு வரோம்னு போறாங்க."

"யோசிக்க ஒண்ணும் இல்லை," என்றார் அறவாழி. "வியர்வை திறந்திருக்கட்டும். கண்ணீர் எங்க வீட்ல புழங்கற சாமான் இல்லை."

டாக்டர் மறுபடியும் ஆதிரையைப் பார்த்தார். அவள் மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாடம் நடத்துவதற்காகப் பாதியாக வெட்டி வைத்திருந்த கண்.

"அப்பா சொன்னபடியே இருக்கட்டும்," என்றாள்.

படிவத்தில் அவள் கையெழுத்திட்டாள். பொறுப்பாளர் என்ற இடத்தில் அறவாழி கையெழுத்திட்டார்.

அவர் சொன்னது வீண்பெருமை என்று யாரும் நினைக்க வேண்டாம். அது அந்த வீட்டின் நடைமுறை. அறவாழியின் தகப்பனாரும் காவல் துறையில் இருந்தவர். அவர் காலத்திலிருந்து வந்த சட்டம் ஒன்று உண்டு. அழுவது குற்றம் இல்லை. ஆனால் வீட்டுக்குள் அழக் கூடாது. அழ வேண்டியவர் கேட்டுக்கு வெளியே போய் நின்று அழுது முடித்துவிட்டு உள்ளே வர வேண்டும். தெருவில் நாலு பேர் பார்க்க அழுவதற்கு வெட்கமாக இருந்தால் அழுகை தானாக நின்றுவிடும் என்பது கணக்கு. அறவாழியும் அப்படி நின்றவர்தான்.

ஆதிரைக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது பள்ளி ஓட்டப்பந்தயத்தில் கோட்டைத் தொடுவதற்கு நாலடி முன்னால் தடுக்கி விழுந்தாள். வீட்டுக்கு வந்து விசும்பியவளை அறவாழி கே.கே. நகர் வீட்டின் நீல நிற கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். "அழுது முடிச்சிட்டு உள்ள வா." அன்றைக்கு இருபது நிமிடம் ஆனது. அடுத்த முறை ஐந்து நிமிடம். பதினொரு வயதுக்குப் பிறகு அவள் அந்தக் கேட்டுக்கு வெளியே நின்றதாக அவருக்கு நினைவில்லை. அதை அவர் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வதுண்டு. அவருடைய மனைவி தேன்மொழி திருமணமாகி வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அழுவதற்காகக் கேட்டுக்குப் போனதில்லை. பொறுமைசாலி. கொல்லைப்புறக் குழாயை வெகுநேரம் திறந்து விட்டுவிட்டு மறந்துபோவது ஒன்றுதான் அவரிடம் இருந்த குறை. அதற்காக அறவாழி எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கிறார்.

ஆதிரை உடற்கட்டுப் போட்டிக்குப் போகிறேன் என்று சொன்னபோது அறவாழி ஓராண்டு அவளோடு பேசவில்லை. மேடையில் அணியும் உடையின் அளவுதான் காரணம் என்று சொல்ல வேண்டியதில்லை. அவருடைய அக்கா மலர்க்கொடி ஊரிலிருந்து போன் செய்து, "நம்ம வீட்டுப் பொண்ணு இப்படி நிக்கறதை நான் எந்தக் கண்ணால பாக்கறது?" என்று கேட்ட அன்றைக்குத்தான் அவர் மனம் மாறியது. அக்கா குறை சொன்னது மகளை மட்டுமல்ல, தன் வளர்ப்பையும் என்று பட்டது. "செய்யறதா இருந்தா ஒழுங்கா செய்," என்றார். மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவள் பயிற்சி செய்யும் மாடிக்கு வந்துவிட்டார்.

மேடையில் நடுவர்கள் முன்னால் கால்வட்டம் கால்வட்டமாகத் திரும்பி நிற்பது அந்தப் போட்டியின் அடிப்படை. அறவாழி அதைக் கவாத்தாகவே சொல்லிக் கொடுத்தார். குதிகால் எங்கே, கட்டைவிரல் எங்கே, பார்வை எங்கே என்று. ஆதிரை அதைப் படம் பிடித்துத் தன் இணையச் சேனலில் வெளியிட்டாள். படத்தில் அவள் மட்டும் தெரிவாள்; அவருடைய குரல் மட்டும் கேட்கும். "நேரா நில்." அதையே அந்தச் சேனலுக்குப் பெயராக வைத்தாள். ஆறு மாதத்தில் தமிழ்நாட்டில் உடற்பயிற்சி செய்கிற பிள்ளைகள் எல்லோரும் ஒருவரை ஒருவர் நேரா நில் என்று கிண்டல் செய்துகொண்டார்கள். ‘திடம்’ என்ற சத்துமாவு நிறுவனம் அவளைத் தன் முகமாக எடுத்துக்கொண்டது. அந்த முகத்துக்கும் பின்னால் ஒரு தகப்பனின் குரல் இருந்தது. அந்தக் குரல் பொய் சொல்லாது என்று மக்கள் நம்பினார்கள். அப்படி நம்புவதற்குக் காரணமும் இருந்தது. கவாத்து மைதானத்தில் தவறான கட்டளை கொடுத்துவிட்டால் அதைத் திரும்பப் பெறுவதற்கென்றே தனியாக ஒரு கட்டளை உண்டு. கொடுத்தவரே அதையும் கொடுக்க வேண்டும். படை முழுவதும் முன்பிருந்த நிலைக்குத் திரும்பும். முப்பத்திரண்டு ஆண்டுகளில் அறவாழி அதை இரண்டு முறைதான் பயன்படுத்தியிருக்கிறார்.

ஊசி வேலை செய்தது. இந்தூரில் நடந்த தேசியப் போட்டியில் ஆதிரை முதலாவதாக வந்தாள். அடுத்து வரவிருந்தது கோலாலம்பூரில் ஆசியப் போட்டி. காலையில் கண்ணாடியில் பார்த்த உடம்பு மாலையிலும் அப்படியே இருந்தது. நரம்பு ஒன்றுகூட இடம் மாறவில்லை. பல்கலைக்கழக மாணவர்கள் வந்து படம் வரைந்துகொண்டு போனார்கள்.

ஒரே ஒரு புதுப் பழக்கம் வந்தது. கழுத்தில் எந்நேரமும் ஓர் ஈரத்துண்டு. தேன்மொழி ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அதை வாங்கி, பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மறுபடியும் மகளின் கழுத்தில் போட்டுவிடுவார்.

"என்னடி இது கூத்து?" என்று அறவாழி கேட்டார்.

"பிள்ளைக்குக் கழுத்து வலிங்க," என்றார் தேன்மொழி.

காலைப் பயிற்சியையும் ஆதிரை மாடியிலிருந்து கீழே ஏசி அறைக்கு மாற்றிக்கொண்டாள். படம் தெளிவாக வருகிறது என்று சொன்னாள். அறவாழிக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

ஊசி போட்ட நாலாவது மாதம், சித்திரை வெயிலில் ஒரு பகல் பதினொரு மணிக்கு, தேன்மொழி கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கேட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டார்கள். தெருவில் பாதித் தூரத்துக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள். பட்டாலியன் ஆட்கள், உறவுக்காரர்கள், ஆதிரையைத் திரையில் பார்த்தவர்கள் என்று கூட்டம் நின்றது. ஆதிரை அம்மாவின் தலைமாட்டில் நின்றாள். கையைக் கட்டவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. எதிரே கால்மாட்டில் அறவாழி நின்றார். அவரும் அப்படித்தான் நின்றார்.

மலர்க்கொடி மாரில் அடித்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவில் நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார்.

"பெத்தவ கெடக்கறா. ஒரு பொட்டுத் தண்ணி வரலையே இவ கண்ணுல. என்ன வளப்புடா அறவாழி இது?"

ஆதிரையின் முகம் செம்புப் பாத்திரம்போலச் சிவந்துகொண்டே வந்தது. கழுத்துத் துண்டு காய்ந்து மொடமொடவென்று நின்றது. இரண்டு முறை அவள் நகர்ந்துபோய்ப் பந்தல் ஓரத்து டிரம்மிலிருந்து தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு வந்து மறுபடியும் அதே இடத்தில் நின்றாள். "வெயில் தாங்கலையாம், குளிச்சுக்கறா பாரு," என்று யாரோ சொன்னது அறவாழியின் காதில் விழுந்தது.

யாரோ அதைப் படமும் எடுத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் ஊர் முழுக்கப் போய்விட்டது. அடியில் அறவாழியின் குரலையே எடுத்து ஒட்டியிருந்தார்கள். நேரா நில். தாயின் உடலுக்கு முன்னால் விறைத்து நிற்கும் மகள், பின்னாலிருந்து ஒரு கட்டளை. ‘கல்’ என்று பெயர் வைத்தார்கள். கால்மாட்டில் நின்ற கணவனும் அழவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஆண்பிள்ளை அழாமல் நிற்பது படம் எடுக்க வேண்டிய காட்சி இல்லை.

ஐந்தாம் நாள் ‘திடம்’ நிறுவனத்திலிருந்து அஷ்வந்த் என்கிறவர் வந்தார். முப்பது வயதுக்காரர். துக்க வீடு என்பதால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அது நம் வழக்கம் இல்லை என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"சார், நேரா விஷயத்துக்கு வரேன், தப்பா எடுத்துக்காதீங்க. உறுதிங்கறது நம்ம பிராண்ட். ஆனா கல்லுங்கறது வேற. அம்மாங்க யாரும் தன் பிள்ளைக்குக் கல்லு மாதிரி ஆகற மாவைக் கரைச்சுக் குடுக்க மாட்டாங்க. ஒரு சொட்டு விழுந்திருந்தா போதும் சார். ஒரே ஒரு சொட்டு."

"அது அவளால முடியாது," என்றார் அறவாழி.

"புரியலை சார்."

"ஊசி போட்டிருக்கு. அதுல கண்ணீரை அடைச்சாச்சு. அவ நெனச்சாலும் அழ முடியாது."

அஷ்வந்த் நாற்காலி நுனிக்கு வந்தார். "இதை ஏன் சார் நீங்க முன்னாடியே சொல்லலை?"

உள்ளறை வாசலில் ஆதிரை நின்றுகொண்டிருந்தாள். துண்டை அவளே நனைத்துக்கொண்டு வந்திருந்தாள். சரியாகப் பிழியாததால் தரையில் சொட்டியது.

"அப்பா, அது வந்து..."

"பெரியவங்க பேசறோம். நீ உள்ள போ."

அவள் போனாள்.

அன்று மாலையே படம் பிடித்தார்கள். சேனலில் அறவாழியின் முகம் தெரிந்தது அதுதான் முதல் முறை. வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஒன்றும் இல்லை. அஷ்வந்த் எழுதிக் கொடுத்ததை வாங்கி மடித்து வைத்துவிட்டுத் தன் சொந்த வார்த்தையில் பேசினார். "எம் மகளுக்கு அழத் தெரியாதுன்னு சொல்றாங்க. அழ முடியாதபடி மருந்து அடைச்சிருக்கு. அதை முடிவு பண்ணினது நான். கேக்கறதா இருந்தா என்னைக் கேளுங்க." அவ்வளவுதான். ஒன்றே கால் நிமிடம்.

ஊர் அப்படியே திரும்பிக்கொண்டது. தாய்க்கு அழக்கூட முடியாத தியாகம் என்றார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆதிரைக்காக அழுது படம் போட்டார்கள். மலர்க்கொடி போன் செய்து, "எனக்குத் தெரியாமப் போச்சேடா தம்பி. அந்தப் பிள்ளையை நான் என்னென்னவோ சொல்லிட்டேனே," என்று விம்மினார். ‘திடம்’ மாவுப் பொட்டலத்தில் ஆதிரையின் படத்தைப் பெரிதாக்கினார்கள். அறவாழி கடைவீதிக்குப் போனால் தெரியாதவர்கள் எழுந்து நின்றார்கள். வீட்டின் மானம் போனது போலவே திரும்பி வந்தது. அதற்கு அவர் ஒரு சொல் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்படித்தான் அவர் நினைத்தார்.

ஆதிரை மட்டும் அதற்குப் பிறகு அவரிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. தாயைப் பறிகொடுத்த பெண் என்று அவரும் விட்டுவிட்டார்.

கோலாலம்பூர்ப் போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது போட்டி மருத்துவக் குழுவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வீராங்கனையின் கண்ணீர் அடைக்கப்பட்டிருப்பதாக அவருடைய தந்தை பொதுவெளியில் கூறியுள்ளார். எது அடைப்பு, எது திறப்பு என்று மருத்துவமனைச் சான்று ஒன்றை அனுப்புக. சாதாரண நடைமுறைக் கடிதம்.

"நான் போய் வாங்கிட்டு வந்துடறேன்," என்றார் அறவாழி.

"நான் போறேன்ப்பா."

"வெயில்ல நீ அலைய வேண்டாம்."

"சரி, ரெண்டு பேருமே போலாம்," என்றாள். துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் சுகிர்தா ஏற்கெனவே சான்றை எடுத்து வைத்திருந்தார். உறையை ஆதிரையிடம்தான் நீட்டினார். அவள் வாங்கவில்லை. "அப்பாகிட்டயே குடுங்க," என்றாள்.

அறவாழி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"டாக்டர், இதுல மாத்தி அடிச்சிருக்காங்க. அடைத்தது வியர்வை, திறந்திருப்பது கண்ணீர்னு இருக்கு."

"மாத்தி அடிக்கலைங்க ஐயா."

"நான் இதே நாற்காலியில உக்காந்து சொன்னேன்."

"சொன்னீங்க. ஊசி போடற அன்னிக்குக் காலையில ஆதிரை வந்து மாத்திட்டாங்க. அவங்க உடம்பு, அவங்க கையெழுத்து போதும். கூட அவங்க அம்மாவும் வந்திருந்தாங்க. ஈரத்துண்டை எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை நனைக்கணும்னு அவங்கதான் கேட்டு எழுதிக்கிட்டாங்க."

அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அறவாழி காகிதத்தை மடித்தார். மடிப்பு நேராக வரவில்லை. பிரித்து மறுபடியும் மடித்தார். பானைத் தண்ணீர், கழுத்து வலி, ஏசி அறைப் பயிற்சி, டிரம்மிலிருந்து மொண்டு ஊற்றிய தண்ணீர் என்று ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. தேன்மொழி அவரிடம் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். அதையும் கழுத்து வலி என்று சின்னதாகத்தான் சொல்லியிருந்தார்.

"அப்ப அன்னிக்கு," என்று ஆரம்பித்தார். "அன்னிக்கு இவளால அழுதிருக்க முடியும்?"

"முடியும்," என்றார் டாக்டர்.

அறவாழி மகள் பக்கம் திரும்பினார். "அப்புறம் ஏன்?"

ஆதிரை மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் கண்ணை எடுத்து, பிரிந்திருந்த பாதியை ஒட்டிப் பார்த்தாள். அது ஒட்டவில்லை.

"நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்களேப்பா," என்றாள். "கேட்டுக்கு வெளியே போயிடலாம்னு பாத்தேன். கேட்டையே கழட்டி வெச்சிருந்தாங்க. வெளியில ஊரே நின்னுச்சு."

அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. எடை எத்தனை, எத்தனை முறை தூக்கினாள் என்று சொல்லும் அதே குரல்தான்.

"அந்த ஆள் வந்த அன்னிக்கே சொல்ல வந்தேன். உள்ள போன்னீங்க. அப்புறம் நீங்க பேசிட்டீங்க. உங்க பேச்சை நான் எப்படிப் பொய்யாக்கறது?" டாக்டரிடம் திரும்பினாள். "டாக்டர், இப்ப மாத்தலாமா? கண்ணீரை அடைச்சிட்டு வியர்வையைத் திறந்துடுங்க. அப்பா சொன்னது நெஜமாயிடும்."

"செய்யலாம். கால் மணி நேர வேலைதான்," என்றார் டாக்டர். "இன்னைய நிலவரம் என்னவோ அதைத்தான் சான்றுல எழுதுவேன். அவங்களும் இன்னைய நிலவரத்தைத்தான் கேட்டிருக்காங்க. முன்னாடி என்னவா இருந்ததுன்னு யாரும் கேக்கலை."

"அப்ப அதையே செய்யுங்க."

"நல்லா யோசிச்சுக்க. இன்னொரு தடவை மாத்த முடியாது. ஆறு மாசம் முடிஞ்சு ஊசி தானா இறங்கினாலும் அந்தச் சுரப்பி பழையபடி சுரக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

"பரவாயில்லை. இத்தனை நாள் திறந்துதான் இருந்துச்சு. நான் உபயோகிக்கலையே."

டாக்டர் புதுப் படிவத்தை எடுத்து வைத்தார். ஆதிரை பேனாவை எடுத்துத் தன் இடத்தில் கையெழுத்திட்டாள். பொறுப்பாளர் இடம் காலியாக இருந்தது. அந்தக் கையெழுத்து கட்டாயம் இல்லை; ஆனாலும் காகிதத்தைத் தகப்பனின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மானம் என்பதை அறவாழி ஒருநாளும் லேசாக எண்ணியவர் அல்ல. இந்தப் படிவத்தில் கையெழுத்திட்டால் அவர் சொன்ன சொல் நிற்கும். மலர்க்கொடியின் கண்ணீர் வீணாகாது. கடைவீதியில் எழுந்து நிற்பவர்கள் எழுந்தே நிற்பார்கள். கோலாலம்பூர் மேடையில் அவருடைய மகள், மடிப்புக் கலையாத சீருடைபோல, இன்னும் இரண்டு மாதத்துக்கு அப்படியே நிற்பாள். கையெழுத்திடாவிட்டால் நாளை மறுநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தகப்பன் பொய் சொன்னான், மகளால் அழ முடிந்தும் அழவில்லை. இரண்டு பழியும் ஒரே வீட்டுக்கு வரும்.

அவர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றவில்லை. மகளின் கழுத்தில் கிடந்த துண்டைப் பார்த்தார். நாலு மாதமாக அந்தப் பெண் சூட்டை உடம்புக்குள் வைத்துக்கொண்டு பாரம் தூக்கியிருக்கிறாள். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றபோது, அவர் வீட்டில் புழங்காத சாமானைத்தான் வைத்துக்கொண்டாள். என்றைக்காவது தேவைப்படும் என்று வைத்துக்கொண்டாள். தேவைப்பட்ட நாளில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

"டாக்டர்," என்றார். "முதல்ல குடுத்தீங்களே, அந்தச் சான்றே போதும். அதையே அனுப்பிடுங்க."

"அப்பா, போட்டி..."

"போட்டிக்கு நாலு நாள் இருக்கு."

"நீங்க பேசின வீடியோ இருக்கே ஐயா," என்றார் டாக்டர்.

"நான் குடுத்த கட்டளை. நானே திரும்ப வாங்கிக்கறேன். அது என் வேலை." படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். "இந்த ரூமுக்கு வேற கதவு இருக்கா?"

"இல்லை. ஏன்?"

"நீங்களும் கொஞ்ச நேரம் வெளியே வந்தா நல்லா இருக்கும்."

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. எழுந்தவர் கதவருகே நின்று திரும்பினார். "ஐயா, ஒண்ணு சொல்லிடறேன். இவ்வளவு நாள் தேக்கி வெச்சது. இப்ப அழுதா நாலஞ்சு நாளைக்கு முகம் உப்பிப்போகும். மேடையில தெரியும்."

"தெரியட்டும்."

ஆதிரை எழுந்திருக்கப் போனாள். அறவாழி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் அந்த வீட்டில் சொல்வதற்கு ஒரு வாக்கியம்தான் உண்டு. அதை இந்த இடத்தில் சொல்ல முடியாது.

"நான் வெளியே நிக்கறேன்," என்றார்.

வெளியே வந்து கதவைச் சாத்தினார். டாக்டர் தாழ்வாரத்தின் கோடியில் இருந்த அறைக்குப் போய்விட்டார். அறவாழி கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு காலும் ஓரடி இடைவெளியில், கையைப் பின்னால் கட்டி நின்றார். எத்தனையோ வாசல்களில் அப்படிக் காவல் நின்றவர். யார் வீட்டு வாசல், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஐந்து நிமிடம் ஒன்றும் கேட்கவில்லை. பத்து நிமிடம் ஆனது. ஒரு நர்ஸ் தட்டோடு வந்தாள்.

"சார், கொஞ்சம் தள்ளுங்க. உள்ள போகணும்."

"இப்ப போக முடியாதும்மா."

"மருந்து எடுக்கணும் சார். எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியலை. முடிஞ்சதும் அவளே வருவா."

அவர் நின்ற தோரணையைப் பார்த்து நர்ஸ் திரும்பிப் போய்விட்டாள்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. ஏசியில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு அறைக்குள் இருந்த கைகழுவும் தொட்டியின் குழாயை யாரோ முழுக்கத் திறந்துவிட்டிருப்பது புரிந்தது. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அதற்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. குழாய்ச் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்து, ஒளிய முடியாமல் மேலே வந்துகொண்டிருந்தது.

இந்த வித்தையை அவள் யாரிடம் கற்றாள் என்று அறவாழி யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கொல்லைப்புறத்தில் நிரம்பி வழிந்த வாளிகள் அத்தனையும் அவருக்கு நினைவு வந்தன. எத்தனை வருடம். எத்தனை தடவை சமையலறை ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டிருப்பார், குழாயை மூடு என்று.

இப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் ஓடட்டும் என்று நின்றார். முட்டி வலித்தது. சற்றுக் கழித்து, தான் நேராக நிற்கவில்லை என்பதையும் தன் முதுகு கதவில் சாய்ந்திருப்பதையும் உணர்ந்தார். கதவுப் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த அதிர்வு முதுகெலும்பில் தெரிந்தது. அவர் விலகிக்கொள்ளவில்லை.